வியன்னாவில் ஒரு நாள்: பகலில் மியூசியம், இரவில் ஓப்பரா – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியன்னாவுக்கு டிக்கெட் போட்டவுடன் நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸப்பில் பதில் எழுதிக் கை வலித்ததால், அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். இங்கே மியூசியம் என்றால் குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் மியூசியம், அதாவது கலை வரலாற்று அருங்காட்சியகம். ஓப்பரா என்பது பாட்டாகவே பாடி நடிக்கும் மேலைநாட்டு நாடகம். இங்கே அந்தச் சொல் ஸ்டாட்ஸோப்பர் என்கிற அரசு ஓப்பரா அரங்கத்தையும் குறிக்கும்.

ஒரே நாள்ல ரெண்டும் முடியுமா? அலைச்சலா இருக்காதா?

முடியும். இரண்டும் ரிங்ஸ்ட்ராஸ என்ற ஒரே வட்டச் சாலையில் இருக்கின்றன, நடந்தால் பத்து நிமிடம். ஊரைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவரை இடிக்கச் சொல்லி 1857-இல் பேரரசர் ஃப்ரான்ஸ் யோசஃப் உத்தரவிட்டார். சுவர் போன இடத்தில் 1865-இல் இந்தச் சாலை திறந்தது. அதன் ஓரத்தில் 1869-இல் ஓப்பராவும் 1891-இல் மியூசியமும் வந்தன. நடக்க வேண்டாம் என்றால் ரிங்கில் டிராம் ஓடிக்கொண்டே இருக்கும்.

அலைச்சல் தூரத்தால் வருவதில்லை. பகல் முழுக்கப் பளிங்குத் தரையில் நின்றுவிட்டு, ராத்திரி மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டாம் அங்கத்தில் கண் சொக்கிவிடும். அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: மியூசியத்தில் கொஞ்சமாகப் பாருங்கள். கீழே வரும் பல பதில்கள் இதை ஒட்டித்தான் இருக்கும்.

எந்த மாசம், எந்தக் கிழமை போனா நல்லது?

ஜூலை, ஆகஸ்டில் ஓப்பராவுக்கு விடுமுறை. அந்த ஊர்க் கோடையில் போகிறவர்கள் பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். செப்டம்பர் முதல் ஜூன் வரை சீசன். அந்த மாதங்களில் ஏறக்குறைய தினமும் ஏதாவது உண்டு. பிப்ரவரியில் ஓப்பரா பால் என்ற பெரிய நடன விருந்து நடக்கும். அதற்காக அரங்கத்தையே மாற்றி அமைப்பதால் அதை ஒட்டிய நாட்களில் வழக்கமான நிகழ்ச்சி இருக்காது.

மியூசியம் செப்டம்பர் முதல் மே வரை திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். மற்ற நாட்களில் காலை 10 முதல் மாலை 6 வரை. வியாழன் மட்டும் இரவு 9 வரை. இந்த வியாழன் விஷயத்தை நினைவில் வையுங்கள், கடைசிக் கேள்வியில் வேண்டியிருக்கும்.

ஓப்பரான்னா பணக்காரங்க சமாச்சாரம் ஆச்சே, நமக்குக் கட்டுப்படியாகுமா?

கட்டுப்படியாகும். நல்ல இருக்கை இருநூறு யூரோவைத் தாண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதே அரங்கத்தில் நின்று பார்க்க நூற்றுக்கணக்கான இடங்கள் உண்டு. அதன் விலை மியூசிய நுழைவுச் சீட்டை விடக் குறைவாகவே இருக்கும். 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மியூசியத்தில் கட்டணம் கிடையாது.

நடுத்தர விலையில் எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பக்கவாட்டு பாக்ஸ்களில், அதாவது சிறு தடுப்பறைகளில், பின்வரிசை இருக்கைகள் மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உட்கார்ந்தால் முன்னால் இருப்பவரின் தலையும் எதிர்ப்பக்க பாக்ஸும்தான் தெரியும், மேடை தெரியாது. எழுந்து நின்று கழுத்தை நீட்ட வேண்டும். எப்படியும் நிற்கப் போகிறோம் என்றால் அதற்கென்றே இருக்கும் டிக்கெட்டை வாங்கிவிடலாம்.

மியூசியத்துக்கு எவ்வளவு நேரம் வேணும்? இவ்வளவு தூரம் போயிட்டு எல்லாத்தையும் பார்க்காம வர்றதா?

பத்து மணிக்கு உள்ளே போனால் ஒரு மணிக்கு வெளியே வந்துவிடுங்கள். கீழே எகிப்து மம்மிகள், கிரேக்கம், ரோம், அரச குடும்பம் சேர்த்த அபூர்வப் பொருட்கள், மேலே ஓவியக்கூடம், அதற்கும் மேலே நாணயங்கள் என்று கட்டடம் முழுக்க நிரம்பிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் பார்க்கப் போனால் எதையும் பார்த்திருக்க மாட்டோம்.

நான் சொல்லும் வரிசை இது. முதலில் படிக்கட்டு. நடுவில் கனோவா செதுக்கிய வெள்ளைப் பளிங்குச் சிலை: கிரேக்கக் கதை வீரன் தீசியஸ், பாதி மனிதனும் பாதி குதிரையுமான ஒரு சென்டாரைக் கீழே அழுத்திக்கொண்டிருப்பான். அங்கே நின்று தூண்களுக்கு மேலே உள்ள முக்கோண இடைவெளிகளை அண்ணாந்து பாருங்கள். அந்த ஓவியங்களில் சில குஸ்தாவ் கிளிம்ட் புகழ் பெறுவதற்கு முன், இளைஞராக இருந்தபோது தீட்டியவை. தம்பி எர்ன்ஸ்ட்டும் நண்பர் மட்ஷும் கூட வேலை செய்தார்கள். அப்புறம் ஓவியக்கூடத்தில் ப்ரூகெல் அறை, வெலாஸ்கெஸின் இளவரசிகள், வெர்மீரின் ஒரே ஒரு படம், காரவாஜ்ஜோ. வழியில் காய்கறி, பழங்களையே அடுக்கி மனித முகம் செய்திருக்கும் ஆர்ச்சிம்போல்டோவின் ‘கோடை’. இவ்வளவு போதும். குவிமாடத்துக்குக் கீழே உள்ள காபிக் கடை அழகான இடம், ஆனால் விலை அதிகம். ஒரு காபிக்கு உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளலாம்.

ப்ரூகெல் ப்ரூகெல்னு சொல்றீங்களே, அந்த அறையில அப்படி என்னதான் பார்க்கறது?

மூத்த பீட்டர் ப்ரூகெல் 16-ஆம் நூற்றாண்டு நெதர்லாந்து பகுதிக்காரர். அவர் வரைந்து இன்றைக்கு மிஞ்சியிருப்பவை நாற்பது சொச்சம் ஓவியங்கள்தான். அவற்றில் ஒரு டஜன் இங்கே இருக்கின்றன. உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு கிடையாது.

‘பனியில் வேட்டைக்காரர்கள்’ (1565) படத்துக்கு முன்னால் கால் மணி நேரம் நில்லுங்கள். மூன்று பேர் முதுகைக் காட்டியபடி மலைச்சரிவில் இறங்குகிறார்கள். நாய்க் கூட்டம் சோர்ந்து பின்னால் வருகிறது. அத்தனை நாய்க்கும் அன்றைய வேட்டை, ஒருவர் தோளில் தொங்கும் ஒரு நரி. இடப்பக்கம் சத்திரத்தின் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று சாய்ந்து ஆடுகிறது. அதன் அடியில் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். கீழே உறைந்த குளத்தில் விளையாட்டு. இதுவரை எல்லோரும் பார்ப்பது. இன்னும் உள்ளே போனால், தூரத்தில் ஒரு வீட்டின் புகைபோக்கி தீப்பிடித்து எரிகிறது, அணைக்க ஆட்கள் கூரையில் ஏறியிருக்கிறார்கள். விரல் நுனியளவு இடத்தில் ஒரு ஊர் விபத்து. இந்தப் படம் ஆண்ட்வெர்ப் வணிகர் ஒருவர் வீட்டுக்காக வரைந்த பருவகால வரிசையைச் சேர்ந்தது. எஞ்சியிருக்கும் ஐந்தில் மூன்று இந்த அறையிலேயே இருக்கின்றன.

அடுத்து ‘விவசாயியின் கல்யாணம்’. கல்யாணப் பந்தி. கழற்றிய கதவு ஒன்றைத் தட்டாக்கி அதில் கூழ்க் கிண்ணங்களை வைத்து இரண்டு பேர் தூக்கி வருகிறார்கள். பச்சைத் துணிக்கு முன்னால் மணப்பெண் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளை யார் என்பது இன்று வரை வாக்குவாதம். பை வாத்தியக்காரர் வாசிப்பை விட்டுவிட்டுச் சாப்பாட்டையே பார்க்கிறார். கீழே தரையில் ஒரு குழந்தை, தன் தலைக்குப் பெரிய தொப்பியும் அதில் மயிலிறகும் வைத்துக்கொண்டு கிண்ணத்தை வழித்து நக்குகிறது. கதவைத் தூக்கி வருகிறவர்களின் கால்களையும் எண்ணிப் பாருங்கள். ஒன்று கூடுதலாக இருக்கிற மாதிரி தெரியும்.

கிளிம்ட்டோட ‘முத்தம்’ இங்கேதானே இருக்கு?

இல்லை. அது மேல் பெல்வெடேர் அரண்மனையில் இருக்கிறது. ஓப்பராவிலிருந்து டி டிராம். இந்த நாளில் அதையும் திணிக்காதீர்கள். இங்கே கிளிம்ட் என்றால் முன்பு சொன்ன படிக்கட்டு ஓவியங்கள் மட்டும்தான். டியூரரின் முயலும் இங்கே இல்லை. அது ஓப்பராவுக்குப் பின்னால் உள்ள அல்பெர்ட்டினா என்ற இன்னொரு மியூசியத்துக்குச் சொந்தம். தாளில் தீட்டிய நீர்வண்ணம், வெளிச்சம் பட்டால் மங்கும் என்பதால் அசலை எப்போதாவதுதான் வெளியே எடுப்பார்கள்.

தங்கத்துல உப்புக் கிண்ணம் திருடு போச்சாமே, அது இந்த மியூசியமா?

ஆமாம். செல்லினி என்ற இத்தாலியப் பொற்கொல்லர் ஃபிரான்ஸ் மன்னருக்காக 1540-களில் செய்தது. கடல் தெய்வம் பக்கத்தில் உப்புக்கு ஒரு படகு, பூமித்தாய் பக்கத்தில் மிளகுக்கு ஒரு சின்னக் கோயில். 2003 மே மாதம் ஒரு விடிகாலையில், முகப்பைப் புதுப்பிக்கக் கட்டியிருந்த சாரத்தில் ஏறி ஒருவர் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அலாரம் அடித்தது, பொய் அலாரம் என்று விட்டுவிட்டார்கள். 2006 ஜனவரியில் ஸ்வெட்டல் ஊர்ப்பக்கத்துக் காட்டில் பெட்டியில் புதைத்து வைத்திருந்ததைத் தோண்டி எடுத்தார்கள். திருடியவர் பாதுகாப்புக் கருவிகள் துறையில் இருந்தவர் என்பதுதான் வேடிக்கை. இப்போது அது கீழ்த்தளத்தில் குன்ஸ்ட்காமர் என்ற பகுதியில் இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் பத்து நிமிடம் மிச்சமானால் பாருங்கள்.

மியூசியத்துக்கும் ஓப்பராவுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா, இல்ல சும்மா நேரம் ஒத்து வருதுன்னு சேர்த்துப் போறதா?

நல்ல கேள்வி. வெலாஸ்கெஸ் அறைக்குப் போங்கள். ஒரே சிறுமி இளஞ்சிவப்பு, வெள்ளை, நீலம் என்று வெவ்வேறு உடையில், வெவ்வேறு வயதில் நிற்பாள். ஸ்பெயின் இளவரசி மார்கரீட்டா. அவளை வியன்னாவில் இருந்த பேரரசர் லியோபோல்டுக்குக் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு. அவர் அவளுக்கு மாமன் முறை. பெண் எப்படி வளர்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட மாட்ரிட்டிலிருந்து அனுப்பிய படங்கள் இவை.

1666-இல் கல்யாணம். அந்தக் கொண்டாட்டத்துக்காகத் தயாரான ‘பொன் ஆப்பிள்’ என்ற ஓப்பரா 1668 ஜூலையில், இதற்கென்றே கட்டிய அரங்கத்தில், ஒரே நாளில் முடிக்க முடியாமல் இரண்டு நாளாகப் பிரித்து நடந்தது. இசை செஸ்தி. லியோபோல்டும் இசையமைப்பாளர் என்பதால் சில பகுதிகளுக்கு அவரே மெட்டுப் போட்டார். மார்கரீட்டா 21 வயதில் இறந்துவிட்டாள். நீல உடைப் படத்தில் அவளுக்கு எட்டு வயது. இந்த ஊரில் ஓவியமும் ஓப்பராவும் ஒரே அரச குடும்பத்தின் செலவில் வளர்ந்தவை.

சைவம்தான் சாப்பிடுவேன். மத்தியானம் என்ன பண்றது?

திண்டாட வேண்டியதில்லை. மியூசியத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் நாஷ்மார்க்ட் சந்தை. ஃபலாஃபல், ஹம்மஸ், ரொட்டி, ஆலிவ் என்று கிடைக்கும். ஞாயிறு விடுமுறை. உணவகங்களில் கேஸ்ஸ்பெட்ஸ்ல என்று கேளுங்கள், பாலாடைக்கட்டி போட்ட ஒரு மாதிரி நூடுல்ஸ். மேலே வறுத்த வெங்காயம் தூவியிருக்கும். பன்றி இறைச்சித் துண்டு சேர்ப்பார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முட்டையும் சாப்பிடாதவர்கள் அதையும், ஸாஹர் என்ற இந்த ஊர் சாக்லேட் கேக்கையும் விட்டுவிட வேண்டியதுதான், இரண்டிலும் முட்டை உண்டு.

தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர்தான் இந்த ஊர்க் குழாயில் வருகிறது. சாப்பிட்ட பின் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் படுங்கள். உல்லாசப் பயணத்தில் தூக்கமா என்று சிரிப்பவர்கள் ராத்திரி அரங்கத்தில் தூங்குவார்கள்.

தெருவுல மொசார்ட் மாதிரி விக் வெச்சுகிட்டு டிக்கெட் விக்கிறாங்களே, அவங்ககிட்ட வாங்கலாமா?

அவர்கள் விற்பது ஸ்டாட்ஸோப்பர் டிக்கெட் அல்ல. சுற்றுலாப் பயணிகளுக்கென்று நடக்கும் தனிக் கச்சேரிகளின் டிக்கெட். பிரபலமான பாட்டுகளில் கொஞ்சம், இரண்டு நடனம் என்று இருக்கும். அது வேண்டும் என்று தெரிந்தே வாங்கினால் தப்பில்லை. ஓப்பரா என்று நினைத்து வாங்கினால் நஷ்டம். பேச்சில் ‘ஓப்பரா’ என்ற சொல் தாராளமாக வந்து விழும், சீட்டில் இடத்தின் பெயரைப் படியுங்கள். உண்மையான டிக்கெட்டுக்கு அரங்கத்தின் சொந்த இணையதளம் அல்லது அதன் கவுண்டர்.

எந்த ஓப்பரா பார்க்கிறதுன்னு எப்படி முடிவு பண்றது?

இங்கே தினம் ஒரு படைப்பு மாறும். நீங்கள் இருக்கும் நாட்களில் என்ன இருக்கிறதோ அதிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் தடவை என்றால் இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ஓப்பராவுக்குப் போங்கள். ‘டோஸ்கா’வின் நாயகன் ஓவியர். முதல் அங்கத்தில் தேவாலயத்தில் படம் தீட்டிக்கொண்டிருப்பான். அதில் இருக்கும் பெண்ணின் கண்ணைப் பார்த்துக் காதலிக்குச் சந்தேகம் வரும், அதிலிருந்துதான் எல்லா வினையும். ‘லா போஹெம்’மிலும் ஒரு ஓவியன் உண்டு. பாரிஸ் மாடியறையில் குளிரில் நடுங்கிக்கொண்டு செங்கடல் படம் வரைவான். காலையில் மியூசியம் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இரண்டுமே பொருத்தம்.

மொசார்ட் என்றால் ‘மந்திரப் புல்லாங்குழல்’. 1791-இல் இதே வியன்னாவில், புறநகர்க் கொட்டகை ஒன்றில், சாதாரண ஜனங்களுக்காக அரங்கேறியது. வாக்னரை முதல் தடவைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கட்சி. ‘மைஸ்டர்ஸிங்கர்’ இடைவேளையோடு ஐந்து மணி நேரத்தைத் தாண்டும், மாலை ஐந்து மணிவாக்கிலேயே தொடங்கிவிடுவார்கள். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘சலோமே’ அதற்கு நேர்மாறு: ஒன்றே முக்கால் மணி நேரம், இடைவேளையே கிடையாது. அதற்குப் போகும் முன் தண்ணீர் அதிகம் குடிக்காதீர்கள்.

மொழி ஒண்ணும் புரியாதே, மூணு மணி நேரம் என்ன பண்றது?

ஒவ்வொரு இருக்கைக்கும், நிற்கும் இடத்துக்கும் முன்னால் சின்னத் திரை ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தால் பாடும் வரிகள் ஓடும். தமிழ் கிடையாது. ஆனால் அதையே படித்துக்கொண்டிருந்தால் மேடை போய்விடும். மத்தியானம் படுக்கும் முன் கதைச் சுருக்கத்தைப் படித்து வைத்துக்கொண்டு, திரையை அவ்வப்போது மட்டும் பாருங்கள். முடிவு முன்பே தெரிந்துவிடுமே என்று கவலைப்பட வேண்டாம். அரங்கத்தில் பாதிப் பேருக்கு முடிவு தெரியும். எப்படிப் பாடப் போகிறார்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறார்கள்.

நின்னு பார்க்கிற டிக்கெட் எப்படி வாங்கறது? இடம் பிடிக்க சண்டை போடணுமா?

நிகழ்ச்சி நடக்கும் அன்றைக்குத்தான் விற்பார்கள். காலை 10 மணிக்கு இணையத்தில் தொடங்கும். மியூசியக் கதவு திறக்கும் நேரமும் அதுவே என்பதால், வரிசையில் நின்றபடியே கைபேசியில் எடுத்துவிடலாம். நேரமும் விலையும் சீசனுக்கு சீசன் மாறக்கூடும், முதல் நாள் ராத்திரி தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று இடங்களில் நிற்கலாம்: கீழே பார்டர், மேலே பால்கனி, உச்சியில் காலரி. பார்டர் நடு பாக்ஸுக்கு அடியில், மேடைக்கு நேர் எதிரே. காசு நிறையக் கொடுத்தவர்களுக்குப் பின்னால் நின்று அவர்களை விட நன்றாகப் பார்க்கலாம். உள்ளே போனதும் கம்பியில் ஒரு துண்டையோ கைக்குட்டையையோ கட்டிவிட்டால் அந்த இடம் உங்களுடையது. அதைக் கட்டிவிட்டு மாடி முழுக்கச் சுற்றி வரலாம், யாரும் அவிழ்க்க மாட்டார்கள். கம்பி உள்ள இடமாகப் பிடியுங்கள், சாய்ந்துகொள்ள அது இல்லாவிட்டால் மூன்றாம் அங்கம் கஷ்டம்.

பட்டுப்புடவை கட்டணுமா? கோட்டு சூட்டு இல்லாட்டி உள்ளே விட மாட்டாங்களா?

பட்டுப்புடவை அருமையாக இருக்கும், கட்டாயமில்லை. அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, கிழிந்த ஜீன்ஸ் கூடாது. சாதாரண பேண்ட், முழுக்கை சட்டை, ஷூ போதும். நிற்கும் டிக்கெட்காரர்களைப் பார்த்தால் மாணவர்கள் ஸ்வெட்டரில் வருவார்கள். குளிர்கால மேல்கோட்டு, குடை, முதுகுப்பை ஆகியவற்றை வெளியே உடைமை அறையில் ஒப்படைக்க வேண்டும். புடவைக்கு உள்ளே கதகதப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள், கோட்டைக் கழற்றிய பிறகு நடுங்க வேண்டாம்.

கை எப்ப தட்டணும்? தப்பா தட்டி மானம் போயிடுமோன்னு பயமா இருக்கு.

பெரிய பாட்டு முடிந்தால் தட்டுவார்கள், அங்கம் முடிந்தால் தட்டுவார்கள், கடைசியில் பாடகர்கள் வரிசையாக வந்து வணங்கும்போது நெடுநேரம் தட்டுவார்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டு நொடி பொறுத்து மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். வாக்னரின் ‘பார்ஸிஃபல்’ மட்டும் விதிவிலக்கு. அதில் முதல் அங்கம் முடிந்ததும் தட்டாமல் இருப்பது இங்கே பழைய வழக்கம். மேலே காலரியில் நிற்பவர்கள் பிடிக்காவிட்டால் ‘பூ’ என்று கத்துவதும் உண்டு, உங்களை அல்ல.

நம் சபா பழக்கங்கள் இரண்டை மட்டும் வெளியே வைத்துவிட்டு வாருங்கள். தொடையில் தாளம் போடுவது ஒன்று. தனி ஆவர்த்தனம் வந்ததும் காபிக்கு எழுந்து போவது போல நடுவில் எழுவது இன்னொன்று. இங்கே அங்கம் முடியும் வரை கதவு கிட்டத்தட்ட சுவர் மாதிரி.

அப்படின்னா லேட்டா போனா?

இடைவேளை வரை உள்ளே விட மாட்டார்கள். வெளியே திரையில் பார்க்கலாம். இடைவேளையே இல்லாத ‘சலோமே’ போன்றவற்றுக்குத் தாமதமாகப் போனால் மொத்தமும் போச்சு. அரை மணி முன்பே போய்விடுங்கள். முகப்புப் படிக்கட்டை நிதானமாகப் பார்க்கவும் நேரம் கிடைக்கும்.

மைக் இல்லாமலா பாடறாங்க? உச்சியில இருக்கறவங்களுக்கு எப்படிக் கேக்கும்?

மைக் இல்லாமல்தான். பெரிய இசைக்குழுவின் ஒலிவலு பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் அதிர்வெண் பக்கம் குவிந்திருக்கும், அதிர்வெண் ஏற ஏறக் குறையும். பயிற்சி பெற்ற ஓப்பரா குரல், தொண்டையை ஒரு விதமாக அமைத்துக்கொள்வதால் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கூடுதல் வலுப் பெறுகிறது. அங்கே இசைக்குழு பலவீனம், நம் காதோ கூர்மை. கத்தாமலே குரல் மேலே ஏறி வந்துவிடும். ஒலியைப் பொறுத்தவரை உச்சி காலரியைக் குறை சொல்ல முடியாது. வாத்தியக்காரர்களையும் அங்கிருந்து பார்க்கலாம். வியன்னா ஃபில்ஹார்மோனிக் என்று உலகம் கொண்டாடும் குழு இந்த அரங்க இசைக்குழுவிலிருந்துதான் ஆள் எடுத்துக்கொள்கிறது.

படிக்கட்டெல்லாம் அரண்மனை மாதிரி இருக்கு, உள்ளே அரங்கம் சாதாரணமா இருக்கே? கட்டினவர் தற்கொலை பண்ணிகிட்டார்னு வேற சொல்றாங்க.

இரண்டும் உண்மை, காரணங்கள் வேறு. 1945 மார்ச் 12 அன்று விழுந்த குண்டில் மேடையும் பார்வையாளர் கூடமும் எரிந்துபோயின. முகப்பும் பெரிய படிக்கட்டும் தப்பின. எரிந்த பகுதியை எளிமையாகத் திரும்பக் கட்டி 1955 நவம்பரில் பேத்தோவனின் ‘ஃபிடேலியோ’வோடு திறந்தார்கள். ஆகவே படிக்கட்டு 1869-இல் திறந்த பழைய கட்டடத்தைச் சேர்ந்தது, உட்காரும் இடம் 1950-களைச் சேர்ந்தது.

கட்டியவர்கள் வான் டெர் நுல், ஸிகார்ட்ஸ்பர்க் என்ற இரண்டு பேர். வேலை நடக்கும்போதே முன்னால் இருந்த சாலையின் மட்டத்தை உயர்த்திவிட்டார்கள், கட்டடம் தரையில் அமிழ்ந்தது போல் தெரிந்தது. ‘முங்கிப்போன பெட்டி’ என்று ஊர் சிரித்தது. 1868-இல் வான் டெர் நுல் தூக்குப் போட்டுக்கொண்டார். சில வாரங்களில் ஸிகார்ட்ஸ்பர்க்கும் நோயில் இறந்தார். இருவருமே திறப்பு விழாவைப் பார்க்கவில்லை. அதிர்ந்துபோன பேரரசர் அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் ‘மிக அழகு, மிக்க மகிழ்ச்சி’ என்று மட்டும் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டார் என்பது ஊரில் சொல்லும் கதை.

காசு கொடுத்துப் போய் மேடையில நாற்காலி மட்டும் போட்டு நவீன நாடகம் காட்டிட்டா?

அந்த அபாயம் உண்டு. டிக்கெட் எடுக்கும் முன் இயக்குநர் பெயரும் தயாரிப்பு ஆண்டும் பாருங்கள், தளத்தில் படங்களும் இருக்கும். இங்கே ஓடும் ‘டோஸ்கா’ வால்மன் என்ற இயக்குநர் 1958-இல் அமைத்தது. 600 தடவைக்கு மேல் ஆடியாகிவிட்டது. ஸெஃபிரெல்லியின் ‘லா போஹெம்’ 1963 முதல் ஓடுகிறது. மாடியறை, பாரிஸ் தெரு, பனி எல்லாம் அச்சாக இருக்கும். புதுத் தயாரிப்புகளை நான் வெறுப்பவன் அல்ல, ஆனால் கதை நன்றாகத் தெரிந்த பிறகு பார்க்க வேண்டியவை அவை.

டிக்கெட்டே கிடைக்கலைன்னா அந்த நாள் வீண்தானா?

ஏப்ரல், மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில் பல நாட்கள், உள்ளே நடப்பதை அரங்கத்தின் பக்கவாட்டுச் சதுக்கத்தில் பெரிய திரையில் நேரலையாக இலவசமாகக் காட்டுகிறார்கள். நாற்காலியும் போடுவார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் சரியான வழி, பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். மற்ற மாதங்களில், பகலில் நாற்பது நிமிடம் வழிகாட்டியோடு கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவதில் சேர்ந்துகொள்ளலாம்.

முடிஞ்சு வெளியே வர ராத்திரி ஆயிடுமே, திரும்பிப் போறது பயமில்லையா?

அரங்கத்துக்குக் கீழேயே கார்ல்ஸ்பிளாட்ஸ் மெட்ரோ. மூன்று பாதைகள் சந்திக்கும் இடம். நள்ளிரவு தாண்டும் வரை ரயில் உண்டு. வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய ஓடும். கூட்டத்தோடு கூட்டமாக இறங்கிவிடலாம்.

என் வீட்டுக்காரருக்கு ஓப்பரா வேண்டாமாம், எனக்கு மியூசியத்துல அவ்வளவா இஷ்டமில்ல. சேர்ந்துதான் போகணுமா?

வியாழக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். பகலில் இரண்டு பேரும் ஊர் சுற்றிவிட்டு, ஏழு மணிக்கு நீங்கள் ஓப்பராவுக்கு, அவர் மியூசியத்துக்கு. ஒன்பது வரை திறந்திருக்கும் என்று மேலே சொன்னேனே, அந்த நேரத்தில் ப்ரூகெல் அறையில் பகலை விடக் கூட்டம் குறைவு. மாலையில் நன்றாகத் தூங்கி எழுந்த ஆளாகப் போகச் சொல்லுங்கள்.

ஒன்பதுக்கு அவர் வெளியே வந்தால் உங்களுக்கு இன்னும் ஓர் அங்கமாவது பாக்கி இருக்கும். அல்பெர்ட்டினாவுக்கு முன்னால், ஓப்பராவின் முதுகுப்பக்கம், பேர்போன சாஸேஜ் கடை ஒன்று இருக்கிறது. ஓப்பரா முடிந்து கவுன் போட்டவர்களும் டாக்ஸிக்காரர்களும் ஒன்றாக நின்று சாப்பிடும் இடம். அசைவம் சாப்பிடுகிறவர் என்றால் அங்கே காத்திருக்கச் சொல்லலாம். சைவம் என்றால் கார்ல்ஸ்பிளாட்ஸ் பக்கம் கஃபே மியூசியம். ஒரு காபிக்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுப்ப மாட்டார்கள். ஆனால் இரவு எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று உள்ளே போகும்போதே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.